இளவரசிக்கு எழுத்து முடிஞ்சுதாம்

மார்ச் 4, செவ்வாய்

எனக்கு ஒரு காதலர் இருப்பதாக இன்றைக்குத்தான் தெரிய வந்தது. அப்பாவின் நாட்டுப் பத்திரிகை ஒன்று இணையத்தில் படம் போட்டிருக்கிறது. ஒரு மனிதரின் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அவருடைய கண்ணுக்குள் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். ‘இளவரசியின் மொன்றியல் இரகசியம்’ என்று தலைப்பு. அவர் லவாலில் தச்சு வேலை செய்பவர், வயது அறுபத்தொன்று. புதுக் கண்ணாடி காதுக்குப் பின்னால் அழுத்துகிறது என்று கடைக்கு வந்தவர். கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள் வாடிக்கையாளரின் முகத்தைப் பிடிக்காமல் வேறு எதைப் பிடிப்பது?

அம்மாவிடம் காட்டினேன். கிட்டப் பிடித்துப் பார்த்தார். “ஆள் பறவாயில்லை. ஆனால் வயசு போட்டுது” என்றார்.

யார் எடுத்த படம்? எப்போது? கடைக் கண்ணாடிக்கு வெளியே யாரோ நின்றிருக்கிறார்கள். நான் பார்க்கவில்லை.

மார்ச் 5, புதன்

இதைத் தமிழில் எழுதக் காரணம் இருக்கிறது. கடையில் பிரெஞ்சு, அப்பாவோடு ஆங்கிலம், அம்மாவோடு தமிழ் என்று வளர்ந்தவள் நான். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் அம்மா என்னைப் பத்து வருடம் இருத்தி வைத்தார். இந்த நாட்குறிப்புக் கொப்பி யார் கையில் அகப்பட்டாலும் மாளிகைக்காரருக்கும் பத்திரிகைக்காரருக்கும் ஒன்றும் விளங்காது. தமிழுக்குள் இருக்கும்வரை பயமில்லை.

மார்ச் 9, ஞாயிறு

கோடைக்காக மணிக்கூடுகளை முன்னே தள்ளிய நாள். ஒரு மணித்தியாலம் பறிபோனதில் தேவாலயத்துப் பூசைக்குப் பிந்திவிட்டோம். முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கும்போது பேரின்பநாதன் அங்கிள் பிடித்துக்கொண்டார். எங்கள் கோயில் பங்கில் நடக்கிற நல்லது கெட்டது எல்லாவற்றையும் பேஸ்புக்கில் போடுகிறவர் அவர்தான். “என்ன இளவரசி, எங்களுக்கு எப்ப சாப்பாடு?” என்று கேட்டார். கலியாணச் சாப்பாடு. என்னுடைய இருபத்தைந்தாவது வயதிலிருந்து கேட்கிறார். இப்போது முப்பத்தாறு. ஆளுக்கு இன்னும் பசி ஆறவில்லை.

அவர்களுக்கு இளவரசி என்பது பகிடிப் பெயர். அது உண்மையும்தான் என்பதை நானே மறந்துபோகிறேன். அப்பா இளவரசர். அப்பா லிஃப்ட் திருத்துகிறவர். இரண்டும் ஒரே ஆள். அவருடைய தாத்தா அந்த நாட்டுக்கு ராசா. இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும் குடும்பத்தையே துரத்திவிட்டார்கள். எங்கெல்லாமோ சுற்றி இந்த ஊருக்கு வந்து சேர்ந்தபோது அப்பாவுக்கு நாலு வயது. பிறகு ஒருநாள் ஆஸ்பத்திரி லிஃப்ட் ஒன்று மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் இடையில் நின்றுவிட்டது. உள்ளே சாப்பாட்டு வண்டிலோடு அகப்பட்டிருந்த யாழ்ப்பாணத்துப் பெண்ணை அப்பா வெளியே எடுத்தார். அம்மா அகதியாக வந்து அப்போது எட்டு மாதம். “மெர்சி” என்றாராம். அம்மாவிடம் இருந்த பிரெஞ்சும் அவ்வளவுதான்.

அந்தக் கலியாணத்தை அப்பாவின் குடும்பம் முப்பத்தைந்து வருடம் ஏற்றுக்கொள்ளவில்லை. பிறகு நாடு திரும்பி இப்போது மாளிகையில் இருப்பவர் எனக்குப் பெரியப்பா முறை. பிள்ளைகள் இல்லை. அப்பா செத்து ஒரு வருடம் கழித்துத்தான் குடும்பத்தில் மிச்சம் நான் ஒருத்தி என்று அவருக்கு உறைத்திருக்கிறது. அம்மாவின் பெயரைப் போட்டு, இமெல்டா என்பவர் சட்டப்படி மனைவிதான் என்று முத்திரை குத்தி ஒரு கடிதம் அனுப்பினார். அம்மா அதை ஷோகேசுக்குள் அந்தோனியார் சுரூபத்துக்குக் கீழே வைத்திருக்கிறார். “செத்தாப் பிறகெண்டாலும் எங்களுக்குக் கலியாணம் முடிச்சு வைச்சினமே” என்று சிரித்தார். அது சிரிப்புத்தானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மார்ச் 14, வெள்ளி

மாளிகைச் செயலாளர் கடைக்கே அழைப்பு எடுத்தார். நல்ல பிரெஞ்சு. என்னை ஒரு பட்டத்தால் கூப்பிடுகிறார். ஒவ்வொரு முறையும் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று நினைத்துவிடுகிறேன்.

விஷயம் இதுதான். ஒரு பத்திரம் அனுப்புகிறார்கள். நான் கையெழுத்து வைத்தால் பெரியப்பாவுக்குப் பிறகு நான்தான் வாரிசு. அந்த நாட்டுக் கடவுச்சீட்டு கிடைக்கும். லவால் சேமக்காலையில் புதைத்த அப்பாவை எடுத்துக்கொண்டு போய் அவருடைய தாத்தாவுக்குப் பக்கத்தில், மடத்துக் கோயிலுக்குள் வைப்பார்கள். நாலாவது பந்தியில் நிபந்தனை: பெரியப்பாவும் பாராளுமன்றக் குழுவும் சம்மதிக்கிற ஆளைத்தான் நான் கலியாணம் முடிக்கலாம். கேட்காமல் முடித்தால் எல்லாம் போய்விடும். அப்பாவின் இடமும்தான்.

ஏப்ரல் கடைசிக்குள் பதில் வேண்டுமாம். அங்கே ஒக்டோபரில் தேர்தல். ஆளும் கட்சிக்கு அரச குடும்பத்தைக் காட்டி வோட்டுக் கேட்கவேண்டும். கட்சித் தலைவருக்குக் கலியாணம் ஆகாத மகன் ஒருவர் இருக்கிறார். அவரை எனக்குப் பேசுகிறீர்களா என்று கேட்டேன். “அது வெறும் பத்திரிகைக் கதை” என்றார் செயலாளர். பின்னேரம் அந்த மகனின் படத்தை மின்னஞ்சலில் அனுப்பினார்.

எதிர்க்கட்சிப் பத்திரிகையில் என் நிறத்தைப் பற்றி நூற்றுச் சொச்சம் பேர் கருத்து எழுதியிருக்கிறார்கள். இயந்திரத்தில் போட்டு மொழிபெயர்த்து மூன்றை வாசித்தேன். போதும்.

கையெழுத்து வைத்தால் எனக்கு என்ன நட்டம்? எனக்கு யாரும் இல்லை. இல்லாத கலியாணத்துக்கு அனுமதி கேட்கிறேன் என்று எழுதிக் கொடுப்பதில் என்ன போகப்போகிறது? அப்பா ஆஸ்பத்திரியில் வீட்டுக்குப் போகவேண்டும் என்று கேட்டவர். அதற்காக இதைக்கூடச் செய்யக்கூடாதா? பிறகு ஏன் அந்த மின்னஞ்சலைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன்?

மார்ச் 23, ஞாயிறு

அம்மாவோடு சண்டை.

“உதில கையெழுத்து வைக்காதை பிள்ளை” என்றார். “நானும் அப்பாவும் ஒருத்தரையும் கேட்டு முடிக்கேல்லை. நீ ஏன் கேக்க வேணும்?”

“அப்ப அப்பா?”

“அவர் கிடக்கிற இடத்தில கிடக்கட்டும்.”

நான் கத்திவிட்டேன். அவர் வீட்டுக்குப் போக ஆசைப்பட்டவர், உங்களுக்குக் கொஞ்சமும் இரக்கமில்லையா என்று. அம்மா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தச் சத்தமில்லாத சாத்தல்தான் எனக்குப் பொறுக்காது.

வெளியே வந்தேன். மேல் வீட்டு விதுர்சன் படிக்கட்டில் ஐஸ் கொத்திக்கொண்டிருந்தார். நாலு வருடமாக எங்கள் வாடகைக்காரர், நகரத்து பஸ் ஓட்டுகிறவர். “உப்புப் போட்டிருக்கிறன், எண்டாலும் பாத்து இறங்கும்” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, “என்ன நீர், அழுதனீரோ?” என்றார். ஏனோ தெரியாது, அந்தக் குளிரில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். நாலு பந்தியையும். அவர் ஐஸ் கொத்துகிற சவளில் சாய்ந்துகொண்டு கேட்டார்.

“நாலாவதை வெட்டிப்போட்டு மிச்ச மூண்டுக்கும் வைக்கேலாதோ?”

இது எனக்குத் தோன்றவேயில்லை. செயலாளருக்கு எழுதிக் கேட்டேன். முடியாதாம். நாலாவது இல்லாமல் மற்ற மூன்றும் இல்லையாம்.

ஏப்ரல் 2, புதன்

கட்சித் தலைவரின் மகனுக்கும் எனக்கும் நிச்சயம் ஆகிவிட்டதாம். கலியாண உடுப்புத் தைக்கிறவரின் பேட்டிகூட வந்திருக்கிறது. நான் புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டுக்கொண்டே வாசித்தேன்.

ஏப்ரல் 9, புதன்

நாளைக்குப் போய்க் கையெழுத்து வைக்கிறது என்று முடிவெடுத்துவிட்டேன். பத்திரம் உறுதிப்படுத்துகிற நொத்தாரிசுக்கு முன்னால்தான் வைக்கவேண்டுமாம். ஃப்ளூரி வீதியில் ஓர் அம்மணியிடம் நேரம் எடுத்திருக்கிறேன். விதுர்சனுக்கு நாளை லீவு, காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றார். அம்மாவுக்குச் சொல்லவில்லை. சொன்னால் மறுபடியும் கதவைச் சாத்துவார்.

லாசாலில் இருந்து ஜொய்சி சின்னம்மா அழைப்பு எடுத்தார். அம்மாவின் தங்கை. நாளைக்கு வந்து தன் புதுக் கண்ணாடியைச் சரி பார்த்துவிட்டுப் போகட்டாம். “நாளைக்கு ஏலாது சின்னம்மா, எழுத்து இருக்கு” என்றேன். “நொத்தாரிசிட்டைப் போறன். விதுர்சன் கூட்டிக்கொண்டு போறார். அம்மாவுக்கு இப்ப சொல்லிப்போடாதேங்கோ.”

சின்னம்மா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. “நல்லது பிள்ளை. மாதா துணையிருப்பா.”

அப்பாவின் விஷயத்தில் சின்னம்மாவுக்கு இவ்வளவு பாசமா? ஆச்சரியமாக இருந்தது.

ஏப்ரல் 10, வியாழன்

கையெழுத்து வைக்கவில்லை.

நொத்தாரிசு அம்மணி பத்திரத்தை ஆறுதலாக வாசித்தார். முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நாலாம் பந்தியை உங்கள் சொந்த வார்த்தையில் எனக்குச் சொல்லுங்கள் என்றார். விளங்கித்தான் வைக்கிறீர்களா என்று பார்ப்பது தன் கடமையாம். நான் வாயைத் திறந்தேன். “நான் யாரை...” என்று தொடங்கினேன். அதற்குமேல் வரவில்லை. பிரெஞ்சில் எனக்கு இல்லாத சொல்லா? கடையில் ஒரு நாளைக்கு நாற்பது பேரோடு கதைக்கிறேன்.

அவர் கோப்பை மூடினார். “இரண்டு கிழமை கழித்து வாருங்கள்” என்றார்.

காருக்குள் ஏறி அழுதேன். விதுர்சன் கச்சான் கடலை கொறித்துக்கொண்டு காத்திருந்தவர். கச்சான் பையை ஒரு பக்கம் வைத்துவிட்டு முகம் துடைக்கிற ரிசூப் பெட்டியை எடுத்து என் மடியில் வைத்தார். வழியில் கோப்பி வாங்கித் தந்தார். எனக்கு எத்தனை சீனி என்று கேட்காமலே சரியாகப் போட்டுக்கொண்டு வந்தார். இது எப்படித் தெரியும்? நாலு வருடத்தில் எத்தனை முறை என்னோடு கோப்பி குடித்திருக்கிறார்?

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

கடவுளே, என்ன நடக்குது எனக்கு?

கோயில் வாசலில் குருத்தோலையோடு நிற்கிறேன். சனம் ஒவ்வொன்றாக வந்து கட்டிப்பிடிக்கிறது. ஒருத்தர் கன்னத்தைக் கிள்ளினார். ஒருத்தர் “மாப்பிள்ளை வரேல்லையோ” என்றார். பேரின்பநாதன் அங்கிள் என் கையைப் பிடித்துக் குலுக்கி, “எங்களுக்குச் சாப்பாடு தராமல் முடிச்சுப்போட்டீர், பறவாயில்லை” என்றார். போனைத் திறந்து காட்டினார். பேஸ்புக்கில், கிறிஸ்து பிறப்பு நத்தார் ஒன்றுகூடலில் எடுத்த படம். நானும் விதுர்சனும் கேக் தட்டோடு நிற்கிறோம். ‘எங்கள் பங்கின் இளவரசி ஜெயனிக்கு எழுத்து முடிந்தது. மணமக்கள் நீடூழி வாழ்க.’ கீழே இருநூற்றுப் பதினாலு வாழ்த்து.

எழுத்து என்றால் கலியாணப் பதிவாம். யாழ்ப்பாணத்தார் அப்படித்தான் சொல்வார்களாம். எனக்கு யார் சொன்னது? படிவம் நிரப்புவதை அம்மா எழுத்து வேலை என்பார். நான் வேலையை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் சொல்லியிருக்கிறேன். அதோடு நொத்தாரிசு, அதோடு விதுர்சன், அதோடு அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ. இந்த ஊரில் நொத்தாரிசு கலியாணமும் எழுதி வைப்பாராம். சின்னம்மா பாவம், வேறு என்னத்தை நினைப்பார்? ஒரே ஒருத்திக்குத்தான் சொன்னாராம். அந்த ஒருத்தி பேரின்பநாதன் அங்கிளின் மனைவி.

அம்மா பூசை முடியும்வரை என் பக்கம் திரும்பவில்லை. வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போதுதான் கேட்டார். “எனக்குச் சொல்லாமலோ பிள்ளை?”

இல்லையம்மா, கலியாணம் இல்லை, மாளிகைப் பத்திரத்துக்குத்தான் போனேன், அதிலும் கையெழுத்து வைக்கவில்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா அப்படியே படியில் இருந்துவிட்டார்.

“கலியாணம் எழுதப் போனனி எண்டால்கூடப் பொறுத்திருப்பன்” என்றார்.

ஏப்ரல் 14, திங்கள்

செயலாளர் அழைத்தார். குரலில் பதற்றம். “நீங்கள் என்ன புத்தகம் எழுதி முடித்திருக்கிறீர்கள்?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. பத்திரிகைக்காரர்கள் அந்தப் பதிவை இயந்திரத்தில் போட்டிருக்கிறார்கள். ‘இளவரசி எழுதி முடித்துவிட்டார்’ என்று வந்திருக்கிறது. மாளிகை இரகசியங்களை நான் நூலாக எழுதிவிட்டேன் என்று அங்கே ஒரே அமளி. புத்தகம் ஒன்றும் இல்லை என்றேன். “நல்லது, மிக நல்லது” என்று மூச்சுவிட்டார். நான் அதோடு நிறுத்திக்கொண்டேன். ஏன் மிச்சத்தையும் சொல்லவில்லை?

பின்னேரம் விதுர்சன் சர்க்கரைப் பொங்கலோடு கீழே வந்தார். அவர் சைவக்காரர், அவர்களுக்கு இன்று வருசப்பிறப்பு. வாசலிலேயே நின்றார். “டிப்போவில நாலு பேர் கை குடுத்திட்டினம்” என்றார்.

“நீங்கள் என்ன சொன்னீங்கள்?”

“நன்றி எண்டன். பேந்துதான் ஏனெண்டு கேட்டனான்.”

இரண்டு பேரும் சிரித்தோம். அவர் போன பிறகும் நான் ஏன் கதவைச் சாத்தாமல் நின்றேன்? பொங்கல் ஆறிப்போனது.

ஏப்ரல் 15, செவ்வாய்

விஷயம் உடைந்துவிட்டது. அந்த நாட்டில் கட்டட வேலைக்குப் போயிருக்கிற தமிழர் ஒருவரைப் பத்திரிகைக்காரர்கள் தேடிப் பிடித்து வாசிக்கக் கொடுத்திருக்கிறார்கள். அவர் யாழ்ப்பாணத்தவர். உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார். இப்போது முதல் பக்கத்தில் கேக் தட்டோடு நாங்கள். ‘பஸ் ஓட்டுநரை இரகசியமாக மணந்த இளவரசி.’ தலைவரின் மகன் மனமுடைந்துபோய் இருக்கிறாராம். என்னை அவர் கண்டதே இல்லை.

எவருக்கும் விளங்காது என்று நம்பித்தான் நான் தமிழுக்குள் இருந்தேன்.

சனிக்கிழமை மதியத்துக்குள் எழுத்தில் மறுப்பு அனுப்ப வேண்டுமாம். மறுத்தால் பழையபடி பத்திரம், கையெழுத்து, அப்பாவுக்குக் கோயிலுக்குள் இடம். மறுக்காவிட்டால் கேட்காமல் முடித்தவள் என்று கணக்கு. என் பெயரை வெட்டிவிடுவார்கள்.

மறுப்பதில் என்ன கஷ்டம்? உண்மையைத்தானே சொல்லப்போகிறேன். எனக்குக் கலியாணம் ஆகவில்லை. மூன்று சொல்.

ஏப்ரல் 16, புதன்

வேலைக்குப் போகவில்லை. மறுப்பை எழுதி அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அப்பாவுக்காகத்தான் அனுப்புகிறேன் என்றேன். அவர் கடைசியாகக் கேட்டது அது ஒன்றுதான் என்றேன்.

அம்மா மரக்கறி வெட்டுவதை நிறுத்தினார். “அவர் உனக்கு என்ன சொன்னவர்? சொன்னபடி சொல்லு.”

“வீட்டுக்குப் போகவேணும் எண்டு.”

“எந்தப் பாஷையில?”

யோசித்தேன். ஆங்கிலத்திலா, தமிழிலா, அவருடைய பாஷையிலா? எனக்குள் அது மூன்று பாஷையிலும் கேட்கிறது. எது அவர் சொன்னது, எது நான் பிறகு சொல்லிச் சொல்லிப் பார்த்தது என்று பிரிக்க முடியவில்லை.

“நானும் கட்டிலுக்குப் பக்கத்திலதான் நிண்டனான்” என்றார் அம்மா. “‘வீட்டை போவம் இமெல்டா’ எண்டவர். தமிழில. அந்த நாட்டுக்குப் போறதெண்டால் என்னட்டை ஏன் தமிழில கேக்கப்போறார்? அங்கை என்னை ஒருத்தரும் ஆளாயே எடுக்கேல்லை. மூண்டு பஸ் தரிப்பு தள்ளி இருக்கிற இந்த வீட்டைத்தான் கேட்டவர். கூட்டிக்கொண்டு வர டொக்டர் விடேல்லை.”

அம்மா அழுததை நான் பார்த்ததில்லை. அப்பாவின் செத்தவீட்டில்கூடப் பார்க்கவில்லை. இன்றைக்குப் பார்த்தேன்.

இதை ஏன் மூன்று வருடம் சொல்லவில்லை என்று கேட்டேன். “நீ அவரைப் பெரிய ஆளாய் நினைச்சிருந்தனி. நான் ஏன் குறைப்பான் எண்டு விட்டிட்டன்” என்றார்.

அம்மா சொல்வதுதான் சரியா? அம்மாவுக்கும் அப்படிக் கேட்கத்தான் ஆசையா? அப்பாவைக் கேட்க வழியில்லை.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

சிலுவைப்பாதை முடிந்து வர, விதுர்சன் படிக்கட்டில் காத்திருந்தார்.

“என்னாலதான் உமக்கு இவ்வளவு கரைச்சல்” என்றார். “நான் ஜூலை ஒண்டுக்கு வேறை வீடு பாக்கிறன். சனத்தின்ர வாயும் அடங்கும். மறுப்பில நானும் ஒரு கையெழுத்து வைச்சுத் தாறன், தேவையெண்டால்.”

நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கு ஏன் அப்படிக் கோபம் வந்தது? “உங்களை யார் போகச் சொன்னது?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் உள்ளே வந்துவிட்டேன். மனுசன் என்ன நினைத்திருக்கும்.

நான் அவரை விரும்புகிறேனா? இல்லை, முழு ஊரும் எழுதி முடித்துவிட்டதால் எனக்கும் அப்படித் தெரிகிறதா? கலியாணம் நடந்தது என்று இருநூற்றுப் பதினாலு பேர் நம்புகிறார்கள். அம்மாவை விட்டால் நம்பாத இரண்டே பேர் நாங்கள்தான்.

ஏப்ரல் 19, சனி

பன்னிரண்டு மணி ஆகிவிட்டது. அனுப்பவில்லை.

பொய் சொல்லவில்லை, உண்மையைச் சொல்லாமல் இருந்தேன். இரண்டும் ஒன்றா? நாளைக்குப் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டால் சுவாமியாருக்கே தலை சுற்றும்.

ஏப்ரல் 20, உயிர்த்த ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. இன்னும் யாராவது வாழ்த்தினால் தாங்கமாட்டேன். இல்லை என்று சின்னம்மாவுக்குக்கூட நாங்கள் இன்னும் சொல்லவில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

கடிதம் வந்தது. அதே முத்திரை. முன் அனுமதி இன்றித் திருமணம் செய்தமையால் குடும்பப் பதிவேட்டிலிருந்து என் பெயர் நீக்கப்படுகிறது என்று நாலு வரி. நொத்தாரிசுக்கும் அழைத்து இனி வரவில்லை என்றேன்.

நான் விரும்பாத ஒன்றுதான் போயிருக்கிறது. பிறகேன் கடையின் பின்னறையில், லென்ஸ் வெட்டுகிற இயந்திரத்தைப் போட்டுவிட்டு அந்தச் சத்தத்துக்குள் நின்று அழுதேன்? என்னை வெட்டியதோடு அப்பாவையும் வெட்டின மாதிரி இருக்கிறது. அவர் ஒன்றும் செய்யவில்லையே. பிழை செய்தது என் அரைகுறைத் தமிழ்.

மே 11, ஞாயிறு

அன்னையர் தினம். அம்மாவை எங்கே சாப்பிடக் கூட்டிக்கொண்டு போகட்டும் என்று கேட்டேன். சேமக்காலைக்கு என்றார்.

அப்பாவுக்கு இதுவரை கல் வைக்கவில்லை. அம்மா பின்போட்டுக்கொண்டே வந்தார், நான் காரணம் கேட்டதில்லை. இன்றைக்குப் புல்லைப் பிடுங்கிக்கொண்டே சொன்னார்: “நீ எப்பவோ ஒருநாள் எடுத்துக்கொண்டு போயிடுவாய் எண்டு நினைச்சன். கல்லை வைச்சிட்டுப் பேந்து கழட்டுறது எனக்கு ஏலாது.”

மூன்று வருடம் அம்மா என்னைப் பார்த்துப் பயந்துகொண்டு இருந்திருக்கிறார். மன்னிப்புக் கேட்டேன். அம்மாவிடமும், குனிந்து அப்பாவிடமும்.

திரும்புகிற வழியில் கல்வெட்டுகிறவரிடம் சொல்லிவிட்டு வந்தோம். பட்டம் ஏதும் போடவேண்டுமா என்று கேட்டார். “பேரும் வருசமும் காணும்” என்றார் அம்மா. “இளவரசர் எண்டு போட்டால் இஞ்சை ஒருத்தரும் நம்பாயினம்.”

மே 24, சனி

வேலை முடிந்து மெற்றோவால் ஏறி வெளியே வர, விதுர்சன் ஓட்டுகிற பஸ் நின்றது. எனக்குத் தேவையில்லாத பஸ். ஏறினேன். கடைசித் தரிப்பு வரை பின்னுக்கு இருந்தேன். எல்லாரும் இறங்கிப் போனார்கள். அவர் கண்ணாடியில் பார்த்தார். “என்ன நீர், நித்திரையாய்ப் போனீரோ?”

“எத்தனை நிமிசம் நிப்பீங்கள்?”

“ஏழு.”

முன்னுக்குப் போய் நின்று கேட்டேன். என்னைக் கலியாணம் முடிக்க விருப்பமா என்று. எப்படி அந்த வாய் வந்தது என்று தெரியாது. நாலாம் பந்தியைச் சொல்ல வராத அதே வாய்.

அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். “உது ஊர் கதைச்சதால வந்த யோசனையோ?”

“ஊர் கதைக்காட்டிக் கேட்டிருக்க மாட்டன்” என்றேன். “ஆனால் ஊருக்காகக் கேக்கேல்லை.” இது விளக்கமா என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் அதுதான் உண்மை.

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். ஏழு நிமிடம் முடிந்தது. பஸ்ஸை எடுத்தார். ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள், எல்லாருக்கும் பொன்ஜூர் சொன்னார். நான் ஏறிய தரிப்பில் கதவைத் திறந்தார். நான் இறங்கக் காலை வைத்தேன்.

“ஓம்” என்றார். “ஆனால் நான் முதல்ல வீடு மாற வேணும். மேல் வீட்டிலையிருந்து இறங்கி வந்து பொம்பிளை கேக்கிறது வடிவில்லை.”

பின்னால் நின்ற பெண் இறங்க வழி விடச் சொல்லிப் பிரெஞ்சில் ஏசினார்.

ஜூலை 1, செவ்வாய்

வாடகை ஒப்பந்தங்கள் முடிந்து ஊரெல்லாம் வீடு மாறுகிற நாள். எங்கள் தெருவில் மட்டும் மூன்று லொறி. விதுர்சனின் குளிர்சாதனப் பெட்டியைப் படிக்கட்டு வளைவில் திருப்ப நாலு பேர் பட்ட பாடு. நான் கீழே நின்று கயிற்றைப் பிடித்தேன். லவாலில் தன் அக்கா வீட்டு பேஸ்மென்ற்றுக்குப் போகிறார். போகும்போது வீட்டுத் திறப்பை அம்மாவின் கையில் கொடுத்து, “வாறன் அன்ரி” என்றார். அம்மா தலையை ஆட்டினார்.

பேரின்பநாதன் அங்கிள் காரை மெதுவாக ஓட்டிக்கொண்டு போனதைக் கண்டேன். அரை மணித்தியாலத்தில் ஜொய்சி சின்னம்மா அழைத்தார். விக்கி விக்கி அழுகிறார். “மூண்டு மாசம்கூட ஆகேல்லையே பிள்ளை. அவன் சாமானோட வெளிக்கிட்டிட்டானாமே. உன்ர தலையில ஏன் இப்படி எழுதியிருக்கு?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

“அழாதேங்கோ சின்னம்மா” என்று மட்டும் சொன்னேன். சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு விதுர்சனும் அவருடைய அக்காவும் பொம்பிளை கேட்டு வருகிறார்கள். அம்மா வடைக்கு உழுந்து வாங்கிவிட்டார். இதை இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை.